காலும் நாவும்: பி.கே. பானர்ஜியை வாசித்தல்

விளையாட்டு என்றால் நம்ம சிறுபத்திரிகை உலகத்துக்கு ஓர் இளக்காரம். சினிமாவை வாசிக்கப் பழகிவிட்டோம்; விளம்பரத்தைக்கூடக் கட்டுடைத்தாயிற்று. மைதானத்தில் ஓடுகிற இருபத்திரண்டு உடல்கள் மட்டும் இன்னும் தினசரிகளின் கடைசிப் பக்கத்திலேயே கிடக்கின்றன. பிரதீப் குமார் பானர்ஜி என்கிற பி.கே.யைப் பற்றிய கதையாடல்கள் எல்லாம், முன்கள ஆட்டக்காரர் கனிந்து பயிற்சியாளர் ஆனார் என்றே முடிகின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆட்டக்காரர் உடைத்ததைப் பயிற்சியாளர் மறுபடி ஒட்டவைத்தார் என்பதே என் வாசிப்பு.

1936-இல் ஜல்பைகுரி மாவட்டத்தில் பிறந்தவர் 1954-இல் கல்கத்தா வந்து ஆரியன் கிளப்பில் ஆடினார். அப்புறம் கிழக்கு ரயில்வே. அன்றைய கல்கத்தா கால்பந்து என்பது மூன்று பெயர்கள்தான்: மோகன் பாகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங். மேற்கு வங்கத்தின் 'கோட்டி'கள், கிழக்கிலிருந்து அகதிகளாய் வந்த 'பாங்கால்'கள், முஸ்லிம்கள் என ஒவ்வொரு சட்டைக்குப் பின்னாலும் ஒரு சமூகம் நின்றது. ரயில்வே சட்டைக்குப் பின்னால் இருந்ததோ சம்பளப் பட்டியல். அந்த அணி 1958-இல் கல்கத்தா லீக்கை வென்றது. கடைசிவரை மூன்று பெரிய கிளப்புகளில் எதற்கும் பி.கே. ஆடவில்லை. பானர்ஜி என்ற பெயர் எந்தச் சாதியைச் சொல்லும் என்பது நமக்குத் தெரியாததல்ல. அவரை விளிம்புநிலை நாயகனாக்குவது என் வேலையுமல்ல. ஆனால் பிறப்பைக் கேட்காத ஓர் அணி, பிறப்பைச் சொல்லியே ஆள் சேர்த்த அணிகளை வென்றது என்பது சும்மா ஒரு விளையாட்டுச் செய்தி இல்லை.

தேசிய அணியிலும் இதன் நீட்சியைப் பார்க்கலாம். ஹைதராபாத்தின் பள்ளி ஆசிரியர் சையத் அப்துல் ரஹீம் வங்கம், பஞ்சாப், ஹைதராபாத் எனப் பல இடத்து ஆட்டக்காரர்களை ஒன்றாய் இணைத்திருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அணித்தலைவர் பி.கே.; பிரான்ஸோடு 1-1 என்று முடிந்த ஆட்டத்தில் இந்தியாவின் கோல் அவருடையது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுகளின் இறுதியாட்டத்தில், மைதானமே எதிராகக் கூச்சலிட, தென்கொரியாவை 2-1 என்று வென்றார்கள். முதல் கோல் பி.கே., அடுத்தது ஜர்னைல் சிங். மறு ஆண்டு ரஹீம் இறந்துபோனார். ஆசிய விளையாட்டுகளில் இந்தியக் கால்பந்துக்கு அதற்கப்புறம் தங்கம் கிடைக்கவில்லை.

1972-இல் ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளராக வருகிறவர் வேறொரு பி.கே. கால் ஓய்ந்துவிட்டது, நாக்கு வேலை செய்கிறது. ஆட்டத்துக்கு முன் வீரர்களின் ரோஷத்தைக் கிளறுகிற அவர் பேச்சுக்கு 'வோக்கல் டானிக்' என்றே பெயர் வந்துவிட்டது. 1975 ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பாகானை 5-0 என்று நசுக்கியது. அகதி என்று ஏளனம் கேட்டே வளர்ந்தவனுக்கு அந்த ஐந்து கோல் என்னவாக இருந்திருக்கும் என்பதை நாம் கொச்சைப்படுத்த முடியாது. அதே இரவு, தோல்வி தாங்காமல் ஒரு மோகன் பாகான் ரசிகர் தற்கொலை செய்துகொண்டார் என்பதையும் மறைக்க முடியாது.

1976-இல் பி.கே. எங்கே போனார்? மோகன் பாகானுக்கு. டானிக் அங்கேயும் வேலை செய்தது. 1977-இல் கேடயம், ரோவர்ஸ், டியூராண்ட் மூன்றும் அவர்களுக்கே. ஈடன் கார்டனில் பெலே ஆடிய காஸ்மாஸோடு 2-2 என்று சமன். நான் நின்று யோசிக்கிற இடம் இதுதான். ரத்தத்தில் ஊறியது என்று நம்பப்பட்ட பகையை, அறை மாறிப் போய் அதே குரலில் ஒருவரால் மறுபடி மூட்ட முடிகிறது எனில், அது ரத்தத்தில் இல்லை, சொல்லில் இருக்கிறது. அடையாளம் ஒரு சொல்லாடல் என்று நாம் கோட்பாட்டில் படித்ததை, தொழில் தர்மமாகவே செய்துகாட்டியவர் பி.கே. பேசியவர் அறை மாறலாம். கேட்டவன் மாற முடியாது. 1980 ஆகஸ்ட் 16 அன்று இவ்விரு அணிகளின் ஆட்டத்தில் ஈடன் கார்டன் கேலரியில் மூண்ட கலவரத்தில் 16 ரசிகர்கள் செத்தார்கள். அதற்கு எந்தத் தனிமனிதரும் பொறுப்பில்லை. அந்தச் சொல்லாடல் முழுக்கப் பொறுப்பு.

1997 பெடரேஷன் கோப்பை அரையிறுதியை, வியூகத்தைப் பேச்சு வென்ற நாள் என்பார்கள். மோகன் பாகானில் அமல் தத்தாவின் 'வைர' வியூகம். ஈஸ்ட் பெங்காலில் பி.கே. சால்ட் லேக்கில் 1,31,781 பேர். பைச்சுங் பூட்டியா மூன்று கோல் அடிக்க 4-1. எதிரணி வீரர்களைத் தத்தா கேலி செய்த வார்த்தைகளே பி.கே.வுக்கு எரிபொருளாயின. அந்தக் கூட்டம், எந்தச் சமூகமும் பின்னால் நிற்காத ஒரு ரயில்வே அணிக்காகக் கூடியிருக்குமா? கூடாது. இது பி.கே.யின் குற்றமல்ல, நம் எல்லோருடைய சங்கடம். மேடைகளில் நாமும் டானிக் கொடுக்கிறவர்கள்தானே. பிறப்பின் ரோஷத்தைத் தொட்டால் கூட்டம் எழுகிறது. கூடவே உழைக்கிறவர்கள் என்கிற உறவைத் தொட்டால் ஏன் எழவில்லை?

1958-க்குப் பிறகு மூன்று பெரிய கிளப்புகளுக்கு வெளியே ஓர் அணி கல்கத்தா லீக்கை வெல்ல 61 வருஷம் பிடித்தது. 2019-இல் வென்றது பியர்லெஸ், ஒரு நிதி நிறுவனத்தின் அணி. பி.கே. 2020 மார்ச்சில் காலமானார். இரங்கல்களில் ஜகார்த்தாவும் டானிக்கும் பேசப்பட்ட அளவுக்கு 1958 பேசப்படவில்லை. அதைப் பேசலாம் என்றுதான் இவ்வளவும்.