பழைய கிட்டார்: சென்னையில் வாசிக்காதது, கொழும்பில் வாசித்துத் தேய்ந்தது

சென்னையில் விற்பனைக்கு வரும் பழைய எலக்ட்ரிக் கிட்டார் பெரும்பாலும் வாசிக்கப்படாதது. கொழும்பில் வருவது பெரும்பாலும் வாசித்துத் தேய்ந்தது. குறைந்த பணத்தோடு வாங்கப் போகிறவர் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இதைத்தான். எதைச் சோதிப்பது, எதைக் காட்டிப் பேரம் பேசுவது, எதைப் பார்த்ததும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புவது எல்லாம் இந்த ஊருக்கு ஒரு மாதிரி, அந்த ஊருக்கு ஒரு மாதிரி.

இந்தியாவில் 1991 வரை வெளிநாட்டு வாத்தியம் என்றால் சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வரும் சொந்தக்காரர் தயவு வேண்டும். மெல்லிசைக் குழுக்கள் கொல்கத்தாவில் தயாரான கிவ்சன் போன்ற உள்நாட்டுக் கிட்டார்களிலேயே காலம் தள்ளின. இறக்குமதி தாராளமான பிறகு யமாஹா, ஐபனீஸ், ஸ்குவயர், எபிஃபோன், கார்ட் எல்லாம் கடைக்கு வந்தன. ஆனால் அவற்றை அதிகம் வாங்கியவர்கள் மேடையில் பிழைப்பவர்கள் அல்ல. பொறியியல் கல்லூரி மாணவர்கள், முதல் சம்பளம் வாங்கிய ஐ.டி. இளைஞர்கள். 2008இல் ‘வாரணம் ஆயிரம்’ பார்த்துவிட்டுக் கிட்டார் வாங்கியவர்களை என் தெருவிலேயே எனக்குத் தெரியும். எஃப் கார்டில் ஆள்காட்டி விரல் வலித்ததும் கிட்டார் பீரோ மேல் ஏறிவிடும். பிறகு கல்யாணம், குழந்தை, பெங்களூருக்கு மாற்றல். வீடு காலி செய்யும்போது ஓஎல்எக்ஸில் விளம்பரம்.

இலங்கை 1977இலேயே சந்தையைத் திறந்துவிட்டது. அதற்கும் முன்பே அங்கே எலக்ட்ரிக் கிட்டாருக்கு நிலையான வேலை இருந்தது. 1966இல் தொடங்கிய மூன்ஸ்டோன்ஸ் குழுவின் வழியாகக் கிளாரன்ஸ் விஜேவர்தன அதைச் சிங்கள மெல்லிசையின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். தமிழில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பொப் பாடல்களைப் பாடிப் புகழ்பெற்றார்கள். கல்யாண மண்டபம், ஹோட்டல் விருந்து, ஊர்த் திருவிழா, தேவாலயம் என எங்கு போனாலும் பைலா ஆட்டப் பாட்டுக்கு ஒரு கிட்டார் வேண்டும். அங்கே கிட்டார் சம்பாதித்துக் கொடுக்கும் பொருள். அதனால் பீரோ மேல் ஏறுவதில்லை. கை மாறிக்கொண்டே இருக்கிறது.

சரக்கு வந்து சேரும் வழியும் வேறு. ஜப்பானிலிருந்து பாவித்த வாகனம், தையல் இயந்திரம், சைக்கிள் வருவதுபோல அங்கே பாவித்த கிட்டாரும் வருகிறது. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் மாமா விடுமுறைக்கு வரும்போது ஒன்று கொண்டுவருவார். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இன்னொரு வழியும் சேர்ந்துகொண்டது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் வேலை தேடி வெளிநாடு போனவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். போகிறவர்கள் வீட்டுச் சாமானை விற்றார்கள். ஆம்ப், பெடல், கிட்டார் எல்லாம் இக்மன் தளத்தில் ஒரே விளம்பரத்தில் கிடந்தன.

சைதாப்பேட்டை அடுக்ககம் ஒன்றில் பார்த்த ஐபனீஸ் கியோ சென்னைச் சரக்குக்கு நல்ல மாதிரி. பிக்கப் மேல் ஒட்டி வரும் பாதுகாப்புப் பிளாஸ்டிக்கைக்கூட உரிக்கவில்லை. கம்பியைத் தொட்டால் விரல் நுனியில் கறுப்பு. “மூணு மாசம்தான் வாசிச்சேன் ப்ரோ, அப்புறம் டைமே இல்ல. வாங்கி ரெண்டு வருஷம்தான் ஆகுது” என்றார் விற்பவர். ஹெட்ஸ்டாக்கின் பின்னால் வரிசை எண் ஐ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி 12 என்று போயிற்று. இந்தோனேசியாவில் கார்ட் ஆலை செய்த ஐபனீஸ்களில் அந்த எழுத்துக்குப் பின் வரும் இரண்டு இலக்கம் வருடம். ஆக, அது 2012இல் செய்தது. ஸ்குவயரிலும் ஐசிஎஸ் என்ற மூன்றெழுத்துக்குப் பின் வருவது வருடம்தான். விற்பவர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். அவரே இன்னொருவரிடம் வாங்கியிருக்கலாம். ஆனால் விலை பேசுவதற்கு அந்த இரண்டு இலக்கம் போதும்.

வாசிக்காத கிட்டார் என்றால் புதுசு மாதிரிதானே என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. கம்பிகளின் இழுவையில் வருடக்கணக்கில் யாரும் கவனிக்காமல் நின்ற நெக் முன்னால் வளைந்திருக்கும். ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு விரலாலும், நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் இன்னொரு விரலாலும் அழுத்திக்கொண்டு, நடுவில் ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். கால் மில்லிமீட்டர், அதாவது ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழையும் அளவு, சரி. ஒரு ரூபாய் நாணயம் நுழைந்தால் வளைவு அதிகம். அதையும் பெரும்பாலும் நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராடைத் திருகிச் சரிசெய்துவிடலாம். அது வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. அல்லன் கீயைக் கொண்டுபோய், உரிமையாளரின் அனுமதியோடு கால் சுற்று திருப்பிப் பார்க்க வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் சும்மா சுற்றினாலோ, ஏற்கெனவே முழுக்க இறுகி அசையாமல் நின்றாலோ விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

சென்னையின் இன்னொரு எதிரி கடற்காற்று. பிரிட்ஜில் கம்பி உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் பொடித் திருகுகள் துருப்பிடித்து உறைந்திருக்கும். வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரவென்று சத்தம் வரும். ஜாக்கில் கேபிளை ஆட்டினால் ஒலி போய்ப் போய் வரும். கரகரப்புக்குக் காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே போதும். ஜாக்கை மாற்றுவது சின்ன வேலை. ஆக, இவை கிட்டாரை வேண்டாம் என்று சொல்வதற்கான காரணங்கள் அல்ல. ஆயிரம் இரண்டாயிரம் குறைப்பதற்கான காரணங்கள். ஃப்ரெட் மட்டும் புதிதாகவே இருக்கும். சென்னையில் பழையது வாங்குவதன் லாபமே அதுதான்.

இப்போது கொழும்பு வெள்ளவத்தை. காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு வீட்டு விறாந்தையில், ஜப்பானிய லெஸ் பால் நகல் ஒன்று. உடலில் வியர்வை பட்டுப் பட்டு வார்னிஷ் மங்கி, முழங்கை உரசும் இடத்தில் மரம் தெரிந்தது. “அண்ணை, கழட்டிப் பாருங்கோ. ஒண்டும் ஒளிக்க இல்லை” என்று விற்பவர் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துத் தந்தார். இந்த மாதிரிக் கிட்டாரில் முதலில் பார்க்க வேண்டியது நெக்கின் வளைவை அல்ல, ஃப்ரெட்டை. முதல் மூன்று ஃப்ரெட்டுகளில், ஒன்றாவது இரண்டாவது கம்பிகளுக்குக் கீழே நகத்தால் வருடினால் பள்ளம் தட்டுப்படும். பள்ளம் இல்லாமல் எல்லா ஃப்ரெட்டும் தட்டையாகப் பளபளத்தால் இன்னும் கவனம் வேண்டும்: யாரோ அரம் போட்டு மட்டப்படுத்தியிருக்கிறார்கள். புது ஃப்ரெட் 1 மில்லிமீட்டருக்குமேல் உயரம் இருக்கும். அது பாதியாகிவிட்டால் இன்னொரு முறை அரத்துக்குத் தாங்காது. முழுக்க ஃப்ரெட் மாற்றும் செலவு மலிவான கிட்டாரின் விலையையே தொட்டுவிடும்.

பின்மூடியைக் கழற்றியதும் உள்ளே பற்றவைத்த ஈயப் புள்ளிகளைப் பார்த்தேன். மற்றவை எல்லாம் மங்கியிருக்க, இரண்டு மட்டும் பளிச்சென்றிருந்தன. பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பை மாற்றியிருக்கிறார்கள். கேட்டதும் ஒப்புக்கொண்டார், பழையது எரிந்துவிட்டதாம், பிக்கப் எரிவது எப்படியென்று நான் விசாரிக்கவில்லை. நல்ல பிக்கப்பைக் கழற்றித் தனியே விற்றுவிட்டு மலிவானதைப் போட்டு முழுக் கிட்டாராக விற்பது பல கை மாறி வந்த சரக்கில் சகஜம். ஆம்பில் போட்டு, ஒவ்வொரு பிக்கப்பையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் லேசாகத் தட்டினால் எது உயிரோடிருக்கிறது என்று உடனே தெரியும். அடுத்தது ஹெட்ஸ்டாக். லெஸ் பால் வகையில் அது பின்னால் சாய்ந்து நிற்பதால் கீழே விழுந்தால் நட்டுக்குப் பின்புறம்தான் முறியும். கைபேசி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் ஒட்டிய இடத்தில் வார்னிஷில் மயிரிழைபோல் ஒரு கோடு தெரியும். நன்றாக ஒட்டியிருந்தால் வாசிப்பில் குறை இல்லை. விலையில் மட்டும் பெரிதாகக் குறைய வேண்டும்.

ஜப்பான் என்ற பெயருக்கு இலங்கையில் தனி மரியாதை. கிட்டாரைப் பொறுத்தவரை அந்த மரியாதையில் பாதி நியாயம். மட்சுமோட்டோ நகரின் ஃபுஜிகென் ஆலையில் கிரெக்கோவும் ஐபனீஸும், 1982இலிருந்து ஸ்குவயரும் செய்தார்கள். மட்சுமோகு ஆலை 1987இல் மூடும்வரை அரியா ப்ரோ டூ செய்தது. இவை கிடைத்தால் தேய்ந்திருந்தாலும் வாங்கலாம். ஆனால் ஃபோட்டோஜெனிக், செல்டர், லெஜண்ட், பிளேடெக் என்ற பெயர்களை ஜப்பானியப் பள்ளி மாணவர்களின் முதல் கிட்டார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே விற்றதே தவிர, பெரும்பாலும் சீனாவில் செய்தது. இவற்றுக்கு ‘ஜப்பான் ஒரிஜினல்’ விலை கொடுக்காதீர்கள்.

ஜப்பான் சரக்கில் இன்னொரு கண்ணி ஆம்ப். அங்கே மின்சாரம் 100 வோல்ட். இலங்கையிலும் இந்தியாவிலும் 230. ஜப்பானிய ஆம்பை நேராகச் சுவர்ப் பிளக்கில் சொருகினால் ஒரு நொடியில் புகை வரும். பின்புறம் 100 வோல்ட் என்று எழுதியிருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். விற்பவர் அதையும் சேர்த்துத் தந்தால் நல்ல மனிதர். சென்னையில் பழைய ஆம்பில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

விலைக்கு வருவோம். இந்தியாவில் புதுக் கிட்டாரின் விலை இணையத்தில் எல்லாருக்கும் தெரிகிறது. அதனால் பழையது அந்த விலையில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குள் அடங்கிவிடும். அதைவிட அதிகம் கேட்டால் புதிதே வாங்கலாம். கடைக்காரர் உத்தரவாதமும் தருவார். இலங்கையில் இந்தக் கணக்கு செல்லாது. 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயைச் சந்தைப் போக்கில் விட்டதும், 200 ரூபாயைச் சுற்றி நின்ற டாலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் 2020இலிருந்தே இருந்தன. புதியது வராதபோது பழையது விலை இறங்குமா? 2018இல் வாங்கியவர் நான்கு வருடம் வாசித்துவிட்டு, வாங்கியதைவிட அதிகத்துக்கு விற்க முடிந்தது. இன்றும் அங்கே விற்பவர் மனத்தில் இருப்பது, தான் வாங்கிய விலை அல்ல. இன்னொன்று வாங்க இப்போது எவ்வளவு ஆகும் என்பது. சென்னையில் பேரம் பேசும் வேகத்தில் அங்கே பேசினால் கதவைச் சாத்திவிடுவார்கள். “கடைசி விலை சொல்லுங்கோ” என்று கேட்டு, சொன்ன குறைகளுக்கு மட்டும் குறைக்கச் சொன்னால் காரியம் நடக்கும்.

மோசடியிலும் பாணி வேறுபடுகிறது. இந்தியாவில் தூரம் அதிகம். கோயம்புத்தூர்க்காரர் ஹைதராபாத் கிட்டாரைப் படத்தில் பார்த்து முன்பணம் அனுப்புகிறார். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, பணம் வாங்குவதற்கென்று க்யூஆர் கோடு அனுப்பி, இருக்கிற பணத்தையும் உருவிக்கொள்ளும் கும்பல் ஊரறிந்த கதை. நேரில் பார்க்காத கிட்டாருக்குப் பணம் அனுப்பாதீர்கள். இலங்கையில் தூரம் குறைவு. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர். இரவு பஸ் ஏறினால் விடியலில் வெள்ளவத்தை. போய், வாசித்து, தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அங்கே கவனிக்க வேண்டியது பெயர்ப்பலகை மோசடி. இது இந்தியாவிலும் உண்டு. கிப்சன் என்று எழுதியிருந்தால் ஹெட்ஸ்டாக்கில் ட்ரஸ் ராட் மூடியைப் பாருங்கள். உண்மையான கிப்சனில் பெரும்பாலும் இரண்டு திருகு. உள்ளே பித்தளை நட்டு. மூன்று திருகும் உள்ளே அல்லன் கீ துளையும் இருந்தால் போலி. குறைந்த பட்ஜெட்டில் வாங்குகிறவருக்குக் கிப்சன் கிடைக்கிறது என்பதே போதுமான எச்சரிக்கை.

இரண்டு ஊருக்கும் பொதுவான ஒன்றைச் சொல்ல மறந்தால் திட்டு விழும்: மலிவான கிட்டாரில் ஃப்ளாய்ட் ரோஸ் வகை பூட்டு டிரெமலோ இருந்தால் தவிர்த்துவிடுங்கள். கத்திமுனை தேய்ந்த அந்த பிரிட்ஜ் சுருதியில் நிற்காது. நிலையான பிரிட்ஜ், அல்லது சாதாரண ஆறு திருகு டிரெமலோ போதும். 12ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கும் அழுத்திய சுரமும் டியூனர் செயலியில் ஒன்றாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டால் சுருதிக் கவலை முடிந்தது. காட்டாவிட்டாலும் பிரிட்ஜ் திருகு அசைந்தால் சரிசெய்துவிடலாம்.

என்னைக் கேட்டால், கற்றுக்கொள்பவருக்குச் சென்னைச் சரக்கு நல்லது. 15,000 இந்திய ரூபாய் கையில் இருந்தால், அதாவது சுமார் 50,000 இலங்கை ரூபாய், 12,000க்கு மேல் கிட்டாருக்குக் கொடுக்காதீர்கள். மீதியில் புதுக் கம்பியும் ஒரு செட்டப்பும் செய்துகொள்ளுங்கள். பீரோ மேல் கிடந்த கிட்டார் அதற்குப் பிறகுதான் வாசிக்கத் தகுதியாகும். ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்தவர் கொழும்பில் தேடுவதே மேல். பல வருடம் மேடையில் நின்ற நெக் இனி எந்தப் பக்கம் வளையும் என்ற சந்தேகம் குறைவு. குறைகள் எல்லாம் வெளியே தெரிகின்றன. ஃப்ரெட்டில் பாதிக்குமேல் உயரம் மிச்சமிருந்தால் பேசி முடித்துவிடுங்கள். தெரியாதவர் அங்கே வாங்கத்தான் வேண்டும் என்றால், ஊர் இசைக்குழுவில் வாசிக்கும் ஓர் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போங்கள். பஸ் காசையும் சாப்பாட்டையும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.