பூட்டிவைத்த துயர்

ஊவாத் தோட்டங்களில் மாசித் திங்களில் ஆடப்பெறும் காமன் கூத்தில், எரிந்த கணவனுக்காக இரதி ஊரறியப் புலம்புகிறாள். துயருக்கு அங்கே நாளும் களமும் உண்டு. ஜெனிபர் கென்ற் என்னும் அவுஸ்திரேலியர் எழுதி இயக்கிய 'பபடூக்' (2014) திரைப்படத்தின் தலைவி அமேலியாவுக்கோ இரண்டும் இல்லை. மகப்பேற்றுக்கு அவளை ஏற்றிச் செல்கையில் கணவன் விபத்தில் மாண்டான். மகன் சாமுவேல் பிறந்த நாளே தந்தை இறந்த நாளுமாயிற்று. அவன் பேச்சை எடுக்கவும் பொறாதவள், அவன் உடைமைகளை நிலவறையிற் பூட்டிவைத்தாள். படக்கதை நூலொன்றிலிருந்து எழும் கரிய பூதம் அத்துயரேயன்றிப் பிறிதில்லை.

அச்சுறுத்தும் கதவுத் தட்டல்கள் சற்றே மிகையெனினும், எசி டேவிஸின் நடிப்பு அக்குறையை மறக்கச் செய்கிறது. உறக்கமிழந்த தாய் மகன் கழுத்தை நெரிக்கிறாள். அவனோ அவள் கன்னத்தை வருடுகிறான். படத்தின் உச்சம் இதுவே.

தோட்டத்திலாயின் பேய் பிடித்ததென்று கோடாங்கியை அழைப்பர். பேயைப் புறத்ததாகக் கருதுவதால், ஓட்டிவிடலாமென்ற ஆறுதல் அம்முறையில் உண்டு. கென்ற் அவ்வாறுதலை அளிக்கவில்லை. பூதம் நிலவறையிலேயே தங்குகிறது. தாய் அதற்கு மண்புழுக்களை உணவாக வைக்கிறாள். மேலே, சாமுவேலின் பிறந்தநாள் முதன்முறையாக உரிய நாளிலேயே கொண்டாடப்படுகிறது.