ஆடிப்பெருக்கு மத்தியானமும் கருவியின் நிழலும்

மேட்டூர் அணை நீர் பச்சையாகும்போது, பாசி எவ்வளவு என்று செயற்கைக்கோளிடம் கேட்கலாம். அது சொல்வது சரியா என்று பார்க்க, யாராவது படகில் போய், நீருக்குள்ளிருந்து மேலே வரும் ஒளியை அளந்துதான் ஆகணும். சிக்கல் அங்கேதான். கீழே பார்க்கும் கருவி, தான் பார்க்கும் நீரின் மேலேயே நிழல் போடுது.

1992ல் ஹோவர்ட் கார்டனும் டிங்கும் மாண்டே கார்லோ கணக்கு மூலம் இதற்கு ஒரு திருத்தச் சூத்திரம் கொடுத்தார்கள். மூன்று விஷயம் போதும்: கருவியின் ஆரம், நீர் ஒளியை உறிஞ்சும் அளவு, சூரியனின் கோணம். அழகான வேலை. என் விமர்சனம் சூத்திரத்தின் மேல் இல்லை. அதை எல்லா ஊருக்கும், எல்லா நேரத்துக்கும் ஒரே மாதிரி ஓட்டுகிற பழக்கத்தின் மேல்.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்ப்போம். கருவியின் ஆரம் 5 செ.மீ. பாசி நீர், சிவப்பு ஒளியை மீட்டருக்கு 1 என்ற அளவில் உறிஞ்சுவதாக வைத்துக்கொள்வோம். நேரடி வெயிலை மட்டும் எடுத்துக்கொண்டால், சூரியன் உச்சியிலிருந்து 45 டிகிரி சாய்ந்திருக்கும்போது இழப்பு சுமார் 15%. சரி, திருத்திக்கலாம். ஆடிப்பெருக்கு அன்று நண்பகலில் மேட்டூரில் சூரியன் உச்சியிலிருந்து ஏறக்குறைய 6 டிகிரிதான். இப்போ இழப்பு 70 சதவீதத்தைத் தாண்டுது! நிழல் நேர் கீழே விழுகிறது, அவ்வளவுதான் காரணம். வானத்தின் பரவல் ஒளி இதைக் கொஞ்சம் குறைக்கும், ஆனா காப்பாத்தாது.

70% போன பிறகு செய்வது திருத்தமா? மீதி 30 சதவீதத்தை மூன்று மடங்குக்கு மேல் பெருக்குகிறோம். படகு ரெண்டு டிகிரி ஆடினாலே விடை மாறிடும். இன்னொன்று: உறிஞ்சும் அளவு தெரிந்தால்தான் திருத்த முடியும். ஆனால் பாசி எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதைத் தெரிஞ்சுக்கத்தானே அளக்கவே போனோம்? தவிர, இழப்பு நிறத்துக்கு நிறம் வேறு. அதிகம் உறிஞ்சப்படும் நிறம்தான் அதிகம் அடிபடும். அதனால் நீரின் நிறமே கோணலாகப் பதிவாகும். கடைசியில் பழி செயற்கைக்கோள் மேல் விழும்.

கடக ரேகைக்கு வடக்கே இருப்பவர்களுக்குச் சூரியன் ஒருநாளும் தலைக்கு நேர் மேலே வராது. நமக்கு ஏப்ரல் கடைசி வாரத்தை ஒட்டியும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் வருது. அதனால் இங்கே முதல் திருத்தம் மென்பொருளில் இல்லை, கடிகாரத்தில். காலை ஒன்பதரைக்கு முன்பே அளந்துடணும். இரண்டாவது, கருவியை ஒல்லியாக்கணும். ஆரம் 1 செ.மீ. என்றால், அதே 45 டிகிரியில் இழப்பு 3 சதவீதம்தான். அதைத் திருத்த எந்தச் சூத்திரமும் போதும்.

கோடு எழுதுகிறவன் நான். எதையும் கோடிலேயே சரி பண்ணிடலாம் என்று நினைக்கிற ஜாதி. இந்த நிழல் விஷயத்தில் அது செல்லாது.