பதிவேடும் பசையும்

முன்னோரைத் தேடும் வேட்கை இங்கிலாந்து மக்களிடையே ஒரு தனி இலக்கிய வகையையே தோற்றுவித்துள்ளது. அவ்வகையில் எழும் குடும்ப வரலாறுகளுள், கிராமத்து மதுவிடுதியை நடத்திய பாட்டன் பூட்டனைப் பற்றியவை தனிச்சுவை உடையன. ‘பப்’ என்று அவர்கள் வழங்கும் அவ்விடுதியை நம் ஊர்க் கள்ளுக்கடையோடு மட்டும் ஒப்பிட்டால் பாதி உண்மையே விளங்கும். ஐயத்துக்குரிய சாவு நேர்ந்தால் விசாரணை அங்கே கூடியது; நிலமும் மாடும் அங்கே ஏலம் போயின; உழைப்பாளரின் பரஸ்பர உதவிச் சங்கங்கள் அங்கே சந்தா வசூலித்தன. கள்ளுக்கடையும் ஊர்ச் சாவடியும் ஒரே கூரையின் கீழ் அமைந்தது போன்றதோர் இடம் அது.

அத்தகைய விடுதிக்காரர் ஒருவரின் வழித்தோன்றல் தம் பாட்டனாரைப் பற்றி எழுத அமரும்போது எதை நம்புவது? ஏட்டையா, வாய்மொழியையா? இக்கேள்வியை ஆராய்வதற்கு ஒரு நாவல் நமக்குப் பெருந்துணை செய்கிறது. ஜார்ஜ் எலியட் என்னும் புனைபெயரில் எழுதிய மேரி ஆன் எவன்ஸ் அம்மையார் 1861இல் வெளியிட்ட ‘சைலஸ் மார்னர்’ என்பதே அது. நெசவாளன் ஒருவனின் கதையாகவே அதைப் பலரும் படித்திருப்பர். ராவலோ என்னும் கற்பனைக் கிராமத்தில் உள்ள ‘ரெயின்போ’ விடுதியின் கதையாகவும் அதைப் படிக்க இயலும் என்பது நம் கருத்து.

நாவலின் ஆறாம் அதிகாரம் முழுவதும் அவ்விடுதியின் அடுப்படியிலேயே நிகழ்கிறது. ஊரின் பழைய கோவில் கணக்கரான மேசி என்னும் முதியவர், லாமெட்டர் குடும்பம் அவ்வூரில் வேரூன்றிய வரலாற்றை உரைக்கிறார். கேட்போர் அனைவரும் அதைப் பன்முறை கேட்டவர்களே; ஆயினும் எந்த இடத்தில் எந்த வினாவைக் கேட்கவேண்டும் என்பதை அறிந்து, முறை தவறாமல் கேட்கின்றனர். லாமெட்டரின் திருமணத்தன்று குருவானவர் வாய்தவறி, மணவினாக்களின் சொற்களை மாற்றிக் கேட்டுவிட்டார். சொல் மாறினால் மணம் செல்லுமா என்று மேசிக்குப் பெருங்கலக்கம். பின்னர் அவர் குருவானவரையே வினவ, சொல்லும் பொருளும் அல்ல, பதிவேடே அவர்களை ஒட்டவைக்கும் பசை என்று அவர் கூறி அனுப்பிவிடுகிறார்.

முன்னோரைத் தேடுவோர் அனைவரும் இந்தப் பசையை நம்பியே வாழ்கின்றனர். இங்கிலாந்தின் பங்குப் பதிவேடுகள் 1538ஆம் ஆண்டின் ஆணையால் தோன்றின. அரசின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு 1837இல் தொடங்கியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1841 முதல் ஒவ்வொருவரின் பெயரும், 1851 முதல் பிறந்த பங்கும் குடும்பத் தலைவரோடு உள்ள உறவும் இடம்பெற்றன. நூறாண்டு காப்புக்குப் பின் 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2022இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. விடுதிக்காரருக்கோ மற்றவர்க்கில்லாத ஓர் ஏடும் உண்டு. 1552ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏல் விற்கும் வீட்டுக்காரர் இரு சமாதான நீதிபதிகளிடம் உரிமம் பெற்று, ஒழுங்கு காப்பதாகப் பிணைப்பத்திரமும் எழுதிக் கொடுக்கவேண்டும்.

ஆயின் இவ்வேடுகள் எதற்காக எழுந்தன என்பதை நோக்குதல் வேண்டும். உழவனின் பெயரை ஏட்டில் ஏற்றியவர் அவனை ஐயுறவில்லை. விடுதிக்காரரின் பெயரோ ஐயத்தால் ஏற்றப்பட்டது. குடிவெறி, சூது, திருட்டுப் பொருள் ஆகியவற்றின் உறைவிடமாக அவர் வீடு ஆகிவிடுமோ என்னும் அச்சமே உரிமச் சட்டங்களின் தாய். ஆதலால், ஏட்டை மட்டும் படிப்பவர் தம் பாட்டனாரை நீதிபதியின் கண்கொண்டே காண்கிறார். இதற்கு மாறாக, வாய்மொழியை மட்டும் கேட்பவர் நுரை ததும்பும் கோப்பையையும் குளிர்காயும் கணப்பையும் மட்டுமே காண்கிறார். இவ்வகை நூல்களுள் பெரும்பாலானவை இவ்விரு குற்றங்களுள் ஒன்றில் வீழ்கின்றன. ஒன்றில் பாட்டனார் தண்டத்தொகைகளின் பட்டியலாகிறார். மற்றொன்றில் சுவரில் மாட்டிய படமாகிறார்.

வாய்மொழியின் ஊனத்தை எலியட் அம்மையார் நன்கு அறிந்திருந்தார். சைலஸின் பொன் களவு போனபின், அருகே ஒரு சிக்கிமுக்கிப் பெட்டி கண்டெடுக்கப்படுகிறது. உடனே விடுதிக்காரர் ஸ்னெல், சுமார் ஒரு மாதத்துக்குமுன் வந்துபோன தலைச்சுமை வணிகன் ஒருவனை நினைவுகூர்கிறார். அவனுடைய கரிய நிறமும் அயலான் தோற்றமும் அவர் நினைவில் வளர்ந்துகொண்டே போகின்றன. ஊரும் அவரோடு சேர்ந்து நினைவுகூர்கிறது. உண்மைத் திருடனோ ஊர்ப் பெருந்தனக்காரரின் மகன் டன்சி. பதினாறு ஆண்டுகள் கழித்து, நீர் வற்றிய கற்குழியில் அவன் எலும்புக்கூடும் பொன்னும் ஒருங்கே கிடைக்கும்வரை அவ்வுண்மை வெளிப்படவில்லை. வீட்டுக்கு வீடு வழங்கும் முன்னோர் கதைகளை அப்படியே அச்சேற்ற விரும்புவோர் இப்பகுதியை இருமுறை படிப்பது நலம்.

அங்ஙனமாயின் ஸ்னெல் வெறும் பொய்ச்சாட்சியா? அன்று. களவு நிகழ்ந்த இரவில், மழையில் நனைந்து பேயுருப்போல் சைலஸ் விடுதிக்குள் நுழைகிறான். பதினைந்து ஆண்டுகளாக அவ்வூரில் வாழ்ந்தும் ஒருவரோடும் ஒட்டாதவன். அங்கிருந்த ஒருவன்மீதே பழி சுமத்துகிறான். ஸ்னெல் அவனை விரட்டவில்லை. மேலங்கியைக் கழற்றி நெருப்பருகே அமர்ந்து நடந்ததைத் தெளிவாகச் சொல்லுமாறு பணிக்கிறார். அவ்விருக்கையில் அமர்ந்தபோதுதான் சைலஸ் தான் முன்பு பொய்ப்பழிக்கு ஆளானதை நினைந்து, தான் சுமத்திய பழியைத் திரும்பப் பெறுகிறான். நாவலின் திருப்புமுனை அங்கேதான் உள்ளது. இச்செயல் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. விடுதிக்காரரின் தொழிலின் உயிர்நிலை இதுவே என்போம்.

இத்துணை நுட்பமாக எழுதிய ஆசிரியரிடமும் ஒரு குறை உண்டு. எல்லாருடைய வம்சமும் பேசப்படும் அந்த அடுப்படியில், அவ்வீட்டுக்காரரின் வம்சம் மட்டும் பேசப்படவில்லை. கசாப்புக்காரர் அவருக்கு உறவினர் என்று அறிகிறோம், மனைவிக்கு எத்துணைக் காரமான பாலாடைக்கட்டியின் மணமும் தெரியாது என்று அறிகிறோம், அவ்வளவே. அம்மனைவியின் மூக்கு நகைச்சுவைக்குப் பயன்பட்டது. அவள் கைகள் செய்த வேலை கதைக்குள் வரவில்லை.

நாவல் விட்ட இவ்விடத்தில்தான் குடும்ப வரலாற்று நூலுக்கு உண்மையான பணி காத்திருக்கிறது. ஐயத்தால் எழுந்த ஏட்டையே அதன் நோக்கத்துக்கு எதிராகப் படிக்க இயலும். பிணைப்பத்திரத்தில் விடுதிக்காரரின் பெயரோடு, அவருக்காகப் பொறுப்பேற்ற பிணையாளர் பெயரும் இருக்கும். கொல்லரோ தச்சரோ, தம் பணத்தை இடர்ப்படுத்தி ஒருவருக்காகக் கையொப்பமிட்டனர் எனில், அது நீதிபதியின் ஐயத்துக்கு அண்டை வீட்டார் தந்த மறுமொழி அன்றோ! அவ்வாறே, கணவர் இறந்தபின் உரிமம் கைம்பெண்ணின் பெயருக்கு மாறுவதைப் பல ஏடுகளில் காணலாம். அவள் அன்றுதான் தொழில் கற்றாள் என்று எவரும் நம்பார். ஜூடித் பென்னட் 1996இல் வெளியிட்ட ஆய்வுநூல், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஏல் காய்ச்சியோர் பெரும்பாலும் பெண்களே என்பதை ஊர்மன்றங்களின் தண்டப் பட்டியல்களைக் கொண்டே நிறுவியது. தண்டிக்க எழுதிய ஏடே அவர்களின் உழைப்புக்குச் சான்றாயிற்று.

ஏட்டின் மௌனத்தையும் படிக்கக் கற்கவேண்டும். 1830ஆம் ஆண்டுச் சட்டம், வரி செலுத்தும் எந்த வீட்டுக்காரரும் இரண்டு கினி செலுத்தி நீதிபதிகளிடம் செல்லாமலே பியர் விற்க வழிசெய்தது. சில திங்களுக்குள் சுமார் 24,000 கடைகள் தோன்றின. 1869இல் நீதிபதிகளின் அதிகாரம் மீளும்வரை இக்கடைக்காரர்கள் அவர்களின் ஏட்டுக்கு வெளியே நின்றனர். பலர் பகலில் தச்சராகவும் உழவராகவும் உழைத்தவர்கள். கணக்கெடுப்பில் அத்தொழில் மட்டுமே பதிவாகி, பியர் விற்றது விடுபட்டிருக்கவும் கூடும். ஏட்டில் இல்லை என்பதால் உலகிலும் இல்லை என்று முடிவுகட்டுதல் பொருந்தாது.

இனி, பசையைப் பற்றிய குருவானவரின் தீர்ப்புக்குத் திரும்புவோம். அதை நாவலின் பின்பகுதியே சோதித்துப் பார்க்கிறது. கோட்ஃப்ரி காஸ், மோலி என்பவளை முறைப்படி மணந்தவன். ஆயினும் அம்மணத்தை ஊருக்கு மறைக்கிறான். அவள் பனியில் இறந்தபின், தன் குழந்தையையும் தன்னுடையது என்று சொல்ல அஞ்சுகிறான். சைலஸ் அக்குழந்தையை எடுத்து வளர்க்கிறான். முன்பே திருமுழுக்குப் பெற்றதா என்று அறியாத நிலையில், இருமுறை அளிப்பதே சிறிய இடர் என்று குருவானவர் துணிய, அவள் எப்பி ஆகிறாள். பதினாறு ஆண்டுகள் கழித்துக் கோட்ஃப்ரி உரிமை கோரி வரும்போது, அவள் நெசவாளனையே தந்தை என்கிறாள். ஏடு கோட்ஃப்ரியை அவளோடு ஒட்டவில்லை. பதினாறு ஆண்டுகளின் சோறும் பரிவும் சைலஸை ஒட்டின. அவள் திருமண விருந்து நிகழ்வதும் அதே ரெயின்போ விடுதியில்தான்.

முன்னோரைத் தேடுவோர்க்கு இம்முடிவு கசப்பானதன்று. இரத்தத்தால் மட்டும் ஒருவர் நம் முன்னோர் ஆகிவிடுவதில்லை. அவர் என்ன செய்தார் என்பதைத் தேடி அறிந்து, நற்செயலோடு பிழையையும் ஏற்கும்போதுதான் ஆகிறார். ஆகவே, இத்தகைய நூலொன்றைக் கையில் எடுக்கும் வாசகர், மரத்தில் எத்தனை தலைமுறைகள் என்று எண்ணவேண்டியதில்லை. நனைந்து வந்த அயலானுக்கு அந்த வீட்டில் நெருப்பருகே இடம் இருந்ததா, தலைச்சுமை வணிகனின் நிறம் பற்றி அங்கே என்ன பேசப்பட்டது, நள்ளிரவில் கோப்பைகளைக் கழுவியவள் யார் என்னும் வினாக்களை ஆசிரியர் எழுப்பியிருக்கிறாரா என்று நோக்கினால் போதும். விடை கிடைக்காத இடங்களிலும் இவ்வினாக்களைக் கைவிடாத நூலே, விடுதிக்காரரின் வம்சத்துக்கு உண்மையான பதிவேடு ஆகும்.