கல்பு சொன்னதும் கதை சொல்வதும்

சிறுகதைத் தேர்வொன்றுக்கு நடுவராக இருக்கும்படி கேட்டார்கள். மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை. ஒரு கட்டுக் கதைகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. தொண்ணூறாம் ஆண்டைப் பற்றியவை அவற்றில் அதிகம். அந்த ஆண்டில் பிறந்தேயிராத பிள்ளைகளும் அங்கேயே திரும்பிப் போகிறார்கள். அதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. இன்னும் எழுதி முடியாத ஆண்டு அது. என்னை உறுத்தியது வேறொன்று.

ஏறத்தாழ எல்லாக் கதைகளிலும் சம்பவத்துக்குச் சற்று முன்னர் யாரோ ஒருத்திக்கு மனம் சரியில்லாமல் போகிறது. அவள் பெரும்பாலும் உம்மா, அல்லது மூத்தம்மா. இடக்கண் துடிக்கிறது, ஆந்தை அலறுகிறது, கைதவறிக் கோப்பை உடைகிறது. பள்ளிக்குப் புறப்படும் மகனை அவள் மறிக்கிறாள். அவன் சிரித்துவிட்டுப் போகிறான். அடுத்த பத்தியில் வெடிச்சத்தம்.

ஒரு கதையில் இப்படி வந்தால் அது பாத்திரத்தின் குணம். பத்துக் கதைகளில் வந்தால் அது நமது பழக்கம். இந்தப் பழக்கம் செய்யும் அநியாயத்தை நாம் கவனித்ததாகத் தெரியவில்லை. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். தொழப்போவது பற்றி அவர்கள் யோசித்திருக்க வேண்டியதில்லை. ஊரில் பள்ளியைவிடப் பாதுகாப்பான இடம் ஏது? அப்படிப் போன மனிதனுக்கு ஒரு முன்னெச்சரிக்கையைக் கொடுத்து, அதைக் கேட்டு அவனைச் சிரிக்கவும் வைக்கிறபோது, கதாசிரியர் தம்மையறியாமலேயே குற்றத்தில் ஒரு பங்கை மௌத்தானவனின் தலையில் வைத்துவிடுகிறார். உம்மாவின் சொல்லைக் கேட்டிருந்தால் பிழைத்திருப்பானாம்.

உள்ளுணர்வே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் என் வீட்டிலேயே அடி விழும். எங்கள் குடும்பம் ஆண்கள் இல்லாத குடும்பமாக ஆகாமல் தப்பியது மூத்தம்மாவின் கல்பினால்தான் என்பது எங்கள் வீட்டின் வேதவாக்கு. 1990 ஜூலை. சிறுபோக வேளாண்மை வெட்டுக்காலம். வாப்பாவும் சாச்சாவும் வட்டைக்குப் போக ஆயத்தமாகி நின்றபோது மூத்தம்மா கடப்படியில் வந்து குந்திவிட்டாவாம். “இண்டைக்குப் போகவேணா மகன், கல்பு ஒரு மாதிரியாக் கெடக்கு” என்றாவாம். அவர்கள் போகவில்லை. அன்று அந்தப் பக்கம் போன இருவர் திரும்பவில்லை.

பல வருடங்களுக்குப் பின்னர், நான் எழுதத் தொடங்கியிருந்த காலத்தில், மூத்தம்மாவிடம் இதைத் துருவிக் கேட்டேன். கல்பு, கல்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தா. பிறகு மெதுவாக ஒவ்வொன்றாக வந்தது. நாள் தவறாமல் தயிர் கொண்டுவரும் தமிழாள் மூன்று நாட்களாக வரவில்லை. எங்களுக்கு வேளாண்மை வெட்ட வரும் கூலியாட்களில் ஒருவர் முதல்நாள் வந்து, வெட்டு முடியுமுன்னரே தன் கூலியைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். போகும்போது வாப்பாவின் முகத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. வழமையாக “தம்பி” என்று விளிப்பவர் எந்த முறையும் சொல்லவில்லை. இரவில் வட்டைப் பக்கம் நாய்கள் குரைத்த விதம் வேறாக இருந்தது. மூத்தம்மாவின் கல்பு என்பது இதுதான். கடப்படியிலிருந்தபடியே ஊரை நாற்பது வருடம் வாசித்த ஒரு பெண், அன்று அந்தப் பிரதியில் எழுத்துகள் குறைவதைக் கண்டுகொண்டா. கண்டதைச் சொல்ல வார்த்தை இல்லாததால் கல்பு என்றா.

கெரி க்ளெய்ன் என்ற உளவியலாளர் 1998இல் வெளியிட்ட நூலொன்றில் ஒரு தீயணைப்பு அதிகாரியின் கதை வருகிறது. வீடொன்றின் சமையலறையில் தீ. தண்ணீர் அடிக்கிறார்கள், தீ அடங்கவில்லை. அதிகாரிக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆட்களை வெளியே வரச்சொன்னார். அவர்கள் வெளியேறியதும் நின்ற தளம் இடிந்து விழுந்தது. தீயின் மூலம் கீழே நிலவறையில் இருந்தது. தனக்கு ஏதோ புலனுக்கு அப்பாற்பட்ட சக்தி இருப்பதாகவே அந்த மனிதர் நம்பியிருந்தார். க்ளெய்ன் கேட்டுக் கேட்டு வெளியே எடுத்தது வேறு. அறை அந்தத் தீயின் அளவுக்கு மிஞ்சிச் சூடாக இருந்தது, அந்தச் சூட்டுக்குப் பொருந்தாத அளவுக்கு அமைதியாகவும் இருந்தது. அனுபவத்துக்குப் பொருந்தாத ஏதோவொன்று உடம்பில் முதலில் தட்டுப்படுகிறது, காரணம் பிறகுதான் வந்து சேர்கிறது. பலமுறை பார்த்துப் பழகிய இடத்தில், பார்த்தது சரியா பிழையா என்று உடனுக்குடன் தெரியவரும் தொழிலில்தான் இவ்வுணர்வை நம்பலாம் என்று க்ளெய்னும் டானியல் கானெமனும் 2009இல் சேர்ந்தெழுதிய கட்டுரையில் வரையறுத்தார்கள். அறியாத இடத்தில், அறியாத மனிதரைப் பற்றி மனம் சொல்வதற்கு இந்த மதிப்பு இல்லை.

நம் கதைகளில் இல்லாமற் போவது இந்தச் சூடும் அமைதியும்தான். கூலி கேட்டு வந்தவர் இல்லை, தயிர்காரர் இல்லை. அவர்களுடைய இடத்தில் ஆந்தை உட்கார்ந்திருக்கிறது. அந்த ஆந்தையும் நமக்குரியதல்ல. பறவையை வைத்துச் சகுனம் பார்ப்பதைத் தியரா என்று மார்க்கம் விலக்கியிருக்கிறது. தொழுகையைப் பற்றியே கதை முழுதும் பேசும் எழுத்தாளர்கள் சகுனத்தில் வந்து விழுவது வேடிக்கை. பிராஸத் பற்றிய ஹதீஸைக் காட்டி என்னுடன் வாதிட்ட நண்பர் ஒருவர் இருக்கிறார். திர்மிதியில் வரும் அந்த அறிவிப்பின் தொடரில் அறிஞர்களுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. இருந்தாலும் பிராஸத் என்பது கூர்ந்து பார்ப்பது. கண்துடிப்பு அதற்குள் வராது.

வந்த கதைகளுள் ஒன்று மட்டும் இதை அறிந்திருந்தது. ஒரு சில்லறைக் கடைக்காரர். பக்கத்துத் தமிழ்க் கிராமத்திலிருந்து வரும் வாடிக்கையாளர் ஒருவர் கொப்பியில் கிடந்த பழைய கடனை ஒரே தடவையில் கட்டிவிட்டு, மிச்சச் சில்லறையை வாங்காமல் போகிறார். கடைக்காரருக்குச் சந்தோசம், பெயரை வெட்டிவிடுகிறார். கதை அவ்வளவுதான். உள்ளுணர்வு என்ற சொல்லே அதில் இல்லை. வாசித்த எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது. மற்ற நடுவர்களுக்கு அது ‘முடிவில்லாத கதை’யாகப் பட்டது. பரிசு ஆந்தைக் கதையொன்றுக்குப் போயிற்று.

மார்க்வெஸின் ‘முன்கூட்டியே சொல்லப்பட்ட சாவின் சரித்திரம்’ நம்மவர்கள் அதிகம் வாசித்த நாவல்களில் ஒன்று. 1981இல் வந்தது. கொல்லப்படும் சந்தியாகோ நாஸாரின் தந்தை அரபு வழி வந்தவர் என்பதைச் சொல்லிச் சொல்லி நாம் மகிழ்ந்ததும் உண்டு. அவனுடைய தாய் கனவுக்குப் பலன் சொல்வதில் பேர்போனவள். சாகப்போகும் நாளின் காலையில் மகன் சொல்லும் கனவில் அவளுக்கு எந்தத் தீமையும் தென்படவில்லை. அது மட்டுமல்ல, மகன் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டான் என்று நினைத்து வாசற்கதவைச் சாத்தித் தாழிடுகிறவளும் அவளே. அவன் ஓடிவந்து முட்டும் கதவு அது. கொலைகாரச் சகோதரர்களோ தாங்கள் செய்யப்போவதைச் சந்தித்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிகிறார்கள். கத்தியைப் பறித்து வைத்த அதிகாரி அத்துடன் கடமை முடிந்ததென்று போய்விடுகிறார். பாதிரியாருக்கு மறந்துபோகிறது. பால்கடைக்காரி மட்டும் இவர்கள் உண்மையிலேயே கொல்லத்தான் போகிறார்கள் என்று உணர்ந்து, கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்க்கிறாள். அந்த ஊரில் முன்னுணர்வுக்குக் குறைவில்லை. தெரிந்ததை உரியவனிடம் கொண்டுசேர்க்கத்தான் ஆளில்லை. நம்மவர்கள் இந்நாவலிலிருந்து கனவையும் பறவையையும் எடுத்துக்கொண்டு பால்கடையை விட்டுவிட்டார்கள்.

2019 ஏப்ரல் 21இன் பின்னர் நான் இந்நாவலை மீண்டும் வாசித்தேன். 260இற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட அந்த ஞாயிறுக்கு முன்னர், ஏப்ரல் தொடக்கத்திலேயே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. சஹ்ரானைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே வருடக்கணக்காக முறையிட்டிருந்தார்கள். பால்கடைக்காரி கத்திக்கொண்டேயிருந்தாள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், அன்றைய ஜனாதிபதியும் அதிகாரிகளும் கடமையில் தவறினார்கள் என்று தீர்ப்பளித்தது.

ஆனால் ஞாயிறு கழிந்த மறுநாள் நாடு முழுவதற்கும் ஒரேயடியாக உள்ளுணர்வு வந்துவிட்டது. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. நான் மடியில் வைத்திருந்த பையில் இந்தத் தேர்வுக்கு முந்திய ஏதோவொரு தேர்வின் கதைகள்தான் இருந்தன. நின்றுகொண்டே வந்த அந்தப் பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன். அவளுடைய கல்பும் ஒரு மாதிரியாகத்தான் கிடந்திருக்கும். அதே மே மாதத்தில் ஹஸலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் கைதானார். அவருடைய உடையில் அச்சிடப்பட்டிருந்த கப்பற் சுக்கான் தர்மச் சக்கரமாகப் பார்க்கப்பட்டது. இரண்டு வாரங்களுக்கு மேல் மறியலில் இருந்தார். மறுவருடம், 2020 மே மாதத்தில், மன்னாரைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜெஸீம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். காரணம் 2017இல் வந்த அவருடைய ‘நவரசம்’ தொகுதி. தமிழில் அதை வாசித்தவர்கள், அதில் தீவிரவாதத்துக்கு எதிரான கவிதைகளே இருக்கின்றன என்றார்கள். 2021 டிசம்பரில்தான் பிணை, 2023 டிசம்பரில்தான் விடுதலை. ஒரு கவிதைத் தொகுதியை வாசிக்குமுன்னரே அதில் ஆபத்தை உணர்ந்துவிட்டவர்களின் கல்புக்கு ஒரு கவிஞன் கொடுத்த விலை அது.

இதை எழுதுகிறபோது, சந்தேகங்களில் அதிகமானவற்றை விட்டு விலகும்படி சொல்லும் ஹுஜுராத் அத்தியாயத்தை நாம் மற்றவர்களுக்கு ஓதிக்காட்டத் தயாராக இருப்பதும் எனக்குத் தெரிகிறது. ஆகவே எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத மற்றக் கதையையும் எழுதிவிடுகிறேன்.

மூன்று வருடங்கள் கழித்து, ஊர் கொஞ்சம் அடங்கியிருந்த காலத்தில், பழைய தயிர்காரர் ஒரு காலையில் வந்தார். சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கடப்படியில் நின்று கூப்பிட்டார். மூத்தம்மா கதவிடுக்கால் பார்த்தா. கல்பு சரியில்லை என்றா. நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. அவர் நெடுநேரம் நின்றார். பின்னர் ஒரு முட்டித் தயிரைக் கடப்படியில் வைத்துவிட்டுக் காசு கேட்காமல் போனார். அதில் நஞ்சு இருக்கும் என்று மூத்தம்மா சொன்னதால் யாரும் தொடவில்லை. பின்னேரம் வாப்பா அதை வளவுக்குப் பின்னால் குழி தோண்டிக் கொட்டினார். மறுநாள் பார்த்தபோது பூனைகள் மண்ணைக் கிளறித் தின்றிருந்தன. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் அதன்பிறகு வரவில்லை.