ஹாம்பர்க்கின் கரகரத்த குரல்

ஜெர்மன் ராக் என்றாலே கேன், கிராஃப்ட்வெர்க் என்று அமெரிக்க ப்ளூஸை உதறியவர்களைத்தான் சொல்கிறார்கள். உதறாதவர்களை 'காப்பி' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இது நியாயமா?

ஹாம்பர்க்கில் 1970-இல் தொடங்கிய ஃப்ரம்பி குழுவைக் கேளுங்கள். முதல் ஆல்பத்தில் கிட்டார்க்காரரே கிடையாது. ழான்-ழாக் கிராவெட்ஸின் ஆர்கன்தான் எல்லாம். 'ஃப்ரம்பி 2' (1971) நாலே பாட்டு. ஆர்கன் சில இடங்களில் வளவளவென்று இழுக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கா ரும்ஃப் வாயைத் திறந்துவிட்டால்? ஆண்குரலோ என்று மயங்கவைக்கும் தடித்த குரல். பாடுவது ஆங்கிலத்தில், சாயல் அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல். ஆனாலும் அரேதா ஃபிராங்க்ளினை நகலெடுத்தது போலவா இருக்கிறது? அரேதா பாட்டை மேலே மேலே தூக்கிக்கொண்டு போவார். இங்கா கீழேயே நின்று சொற்களை மென்று பாடுவார்.

1972-இல் குழு கலைந்தது. இங்காவும் கிராவெட்ஸும் தொடங்கிய அட்லாண்டிஸில் சோல் கூடியது, நீண்ட வாசிப்பு குறைந்தது. எனக்கென்னவோ ஃப்ரம்பிதான்.