விலையும் விடுதலையும் : ‘தாசிகள் மோசவலை’ பற்றிய ஓர் ஆய்வு

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883–1962) இயற்றி 1936-இல் வெளிவந்த ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் புதினம், தமிழ்ப் புதின வரலாறுகளிற் பெரும்பாலும் பெயரளவிலேயே சுட்டப்பெறுவது. கலைநயம் குன்றிய பிரசார நூல் என்பது அதன்மேற் சாற்றப்பெறும் குறை. அக்குறை முற்றும் பொய்யன்று. ஆயினும், பெண்ணை விலைப்பொருளாக்கும் வழக்கத்தைத் தமிழிலக்கியம் எங்ஙனம் கண்டது, அதனினின்றும் மீளும் வழியாக எதனைக் காட்டிற்று என்னும் இருவினாக்களை முன்வைத்து நோக்குவார்க்கு இந்நூல் புறக்கணித்தற்குரியதன்று என்பது விளங்கும். அதனை நிறுவுதலே எம் நோக்கம்.

முதற்கண் விலையை நோக்குவாம். சிலப்பதிகார அரங்கேற்று காதையில், மாதவியின் மாலை ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் பெறுமென விலை கூறப்பட்டு, செல்வ இளைஞர் உலவும் தெருவிற் கூனி ஒருத்தியின் கையில் நிற்கின்றது. விற்கப்படுவது மாலையே எனினும், அதனைக் கொண்டவன் அடைவது மாதவியை. இளங்கோவடிகள் இவ்வழக்கத்தை வெளிப்படக் கண்டித்திலர். எனினும் தொகையைத் திட்டமாகக் கூறியமையால், கலைச்சிறப்புக்கும் சந்தைக்கும் இருந்த தொடர்பை மறைத்திலர். மணிமேகலைக் காப்பியத்திற் சித்திராபதி தன் பேர்த்தியைக் குலத்தொழிற்கு மீட்க உதயகுமரனைத் துணைக்கொள்கின்றாள். மணிமேகலை தப்புகின்றாள்; ஆயின் அவள் புகும் வாயில் துறவே. கணிகையர் மரபிற் பிறந்தாள் உலகியலில் நின்றே உரிமையோடு வாழலாம் என்னும் வாயிலைச் சாத்தனார் திறந்திலர்.

கல்வெட்டுச் சான்றும் ஈண்டு ஒருசிறிது கருதத்தகும். இன்றைய வடசென்னையைச் சார்ந்த புழல், பண்டு ஒரு கோட்டத்திற்குப் பெயர் தந்த ஊர். அப்புழற்கோட்டத்துத் திருவொற்றியூர்க் கோயிலில் உள்ள சோழர்காலக் கல்வெட்டொன்று, நெற்குற்றும் பணிக்கெனப் பெண்டிர் சிலரும் அவர்தம் வழியினரும் கோயிற்குக் கொடுக்கப்பட்டமையைக் கூறும். ‘வழியினர்’ என்னும் கருத்தே இங்குக் கருதத்தக்கது; பிறவாத மகவும் அக்கொடையுள் அடங்கிற்று. சோழர்காலத் தேவரடியாருள் நிலமும் பொன்னும் கொடையளித்தோரும் இருந்தனர் என்பதனையும் கல்வெட்டுகளே உணர்த்துவதால், எல்லாக் காலத்தையும் எல்லாப் பெண்டிரையும் ஒரே நிலையினராகக் கோடல் பொருந்தாது. ஆயினும் மனிதப் பிறவியைக் கைமாற்றும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதிதன்று என்பது தெளிவு.

இப்பின்னணியில் வைத்து நோக்கத்தக்கது இராமாமிர்தம் அம்மையாரின் புதினம். ஆசிரியரே இளமையில் தாசி ஒருவரிடம் சிறுதொகைக்கு விற்கப்பட்டவர் என்பர் அவர் வரலாறு எழுதினோர். பொட்டுக்கட்ட மறுத்து மணவாழ்க்கை மேற்கொண்ட அவர், மாயூரத்தில் 1925-இல் இசை வேளாளர் மாநாட்டைக் கூட்டினார். பின்னர்ச் சுயமரியாதை இயக்கத்திற் பணிபுரிந்தார். எனவே, மாதவியின் விலையைப் புலவர் ஒருவர் வெளியே நின்று கூறினார். இந்நூலிலோ விலையிடப்பட்டவரே பேசுகின்றார். இஃது அடிப்படையான வேறுபாடு.

நூற்பெயர் ஓர் ஐயத்தை எழுப்பும். ‘தாசிகள் மோசவலை’ என்றதனால், வலை வீசுவோர் தாசியர், வீழ்வோர் செல்வர் என்பதே ஆசிரியர் கருத்தோ? காந்தா, கானவதி என்னும் தாசியர் செல்வ இளைஞரை மயக்கிப் பொருள் கவரும் பகுதிகள் இவ்வெண்ணத்தை வலியுறுத்துவன போலத் தோன்றும். ஆனால் கதைப்போக்கை ஊன்றி நோக்கின், அவ்வலையில் முதற்கண் சிக்கியவர் சிறுமியராகிய அவர்களே என்பது புலனாகும். வஞ்சகம் அவர்க்கு இயல்பன்று, பயிற்றப்பட்ட தொழில். பயிற்றுவோர் முதிய பெண்டிர். அவரும் முன்னர்ப் பயிற்றப்பட்டவரே. வழக்கத்திற்குச் சமயப் பெயர் சூட்டுவோரும், பொருள் ஈந்து அதனை நிலைநிறுத்துவோரும் வலையின் ஏனைய நூல்கள். பெயர் ஒருசாரார்மேற் பழியேற்றினும், கதை அப்பழியைப் பங்கிட்டு அளிக்கின்றது.

இனி, நீண்ட சொற்பொழிவுகள் கதையோட்டத்தைத் தடுக்கின்றன என்பது நூலின் மேற்கூறப்படும் பெருங்குறை. மாந்தர் சிலர் கொள்கைகளின் உருவங்களாகவே நிற்கின்றனர் என்பதும் உண்மையே. எனினும், அறையினுள் ஆடவரை மகிழ்விக்கும் பொருட்டே பேசப் பழக்கப்பட்டவள் மேடையேறி ஊரார் முன் தன் கருத்தை உரைத்தல், இக்கதையில் வெறும் உரையன்று, அதுவே நிகழ்ச்சி. மணிமேகலை அறங்கேட்டு விடுதலை பெற்றாள். இப்புதினத்துப் பெண்டிர் அறம் உரைத்து விடுதலை பெறுகின்றனர். துறவின் இடத்தை இங்கு மணமும் சங்கமும் கொள்கின்றன.

சட்டத்தின் வரலாறும் இதற்கு அரண் செய்யும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-இற் சென்னைச் சட்டமன்றத்திற் பொட்டுக்கட்டும் வழக்கத்திற்கு எதிராகத் தீர்மானம் கொணர்ந்தார். முழுமையான தடைச்சட்டம் நிறைவேறிய ஆண்டு 1947. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் தாயரையும் பாட்டியரையும் நேரிற்கண்டு அவர்தம் மனத்தை மாற்றும் பணி வேண்டப்பட்டது. அப்பணியைச் செய்தவரே அதனைக் கதையாகவும் எழுதினார் என்பதே இந்நூலின் தனிச்சிறப்பு.

நூலுக்கு எல்லையும் உண்டு. மைனர் ‘மதி பெறுதல்’ எளிதாகக் காட்டப்படுகின்றது. சிறுமியை விற்கச் செய்யும் வறுமை போதிய அளவு ஆராயப்பட்டிலது. இக்குறை சிறிதன்று. கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும், புழலை அடுத்த செங்குன்றம் பகுதி அரிசி ஆலைகளினின்றும் இருளர் குடும்பங்கள் முன்பணக் கடனிலிருந்து மீட்கப்பட்டமை இந்நூற்றாண்டுச் செய்தி. நெற்குற்றப் பெண்டிர் கொடுக்கப்பட்ட அதே கோட்டத்தில், நெல்லவிக்கும் களத்திற் கடன் மனிதரைப் பிணித்தது. இவ்வலைக்குச் சமயப் பெயரும் தேவைப்படவில்லை, வறுமையே போதியதாயிற்று.

அம்மையார் பெயரால் அமைந்த உயர்கல்வி உறுதித் திட்டம் 2022-இல் வடசென்னைப் பாரதி மகளிர் கல்லூரியில் தொடங்கப்பெற்றது; அரசுப் பள்ளியிற் பயின்று உயர்கல்வி புகும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்குவது அது. நூல் ஆராயாது விட்ட வறுமைக்கு ஒருவகை விடை அத்திட்டத்தில் உளது எனலாம். ஆனால் நூலுக்கு உரிய மதிப்பைத் திட்டத்தின் பெயர் அளித்துவிடாது. மணிமேகலையோடு ஒருங்குவைத்து முதுகலை வகுப்புகளிற் பயிலத்தக்க நூல் இஃது என்பதே எம் துணிபு.